மூன்றாம் சுற்றில் ஏறுகிற இடம்

கார்த்திகை 27

மார்கழி பஜனை நெருங்கிவிட்டது. ஆர்மோனியத்தின் துருத்தியில் எலி கடித்த இடத்துக்குத் தோல் ஒட்டி எடுத்துக்கொண்டு நாச்சிமுத்து வந்திருந்தான். வாசித்துக் காட்டினான். சத்தம் எழும்பவே இல்லை.

"எலி துருத்திய மட்டும் கடிக்கல மாப்ள, உள்ள இருந்த சத்தத்தையும் சேத்துத் தின்னுட்டுப் போயிருச்சு" என்றேன். சிரித்தான். சிரித்தானே தவிர ஒன்றும் சொல்லவில்லை. நாச்சிமுத்து என் மனைவி சம்பூரணத்தின் தம்பி. அக்காளுக்கும் சேர்த்து இவன் வாய் மூடியிருக்கிறான், தம்பிக்கும் சேர்த்து அவள் கத்துகிறாள்.

கத்தல் என்றால் சாதாரணக் கத்தல் இல்லை. காபி வேண்டுமா என்பதைக்கூடச் சண்டைக்கு இழுக்கிற மாதிரிதான் கேட்கிறாள். முன்பெல்லாம் இப்படி இல்லை. வயதானால் சிலருக்கு இப்படி ஆகிவிடும் போல.

புது ஜால்ரா வாங்கினேன். வெண்கலம் என்று சொல்லிக் கடைக்காரன் எதையோ கலந்து தலையில் கட்டிவிட்டான். தட்டினால் தட்டு கழுவுகிற சத்தம்கூட வரவில்லை.

கார்த்திகை 28

பெங்களூரிலிருந்து என் மகள் கோமதி போன் செய்தாள். போன வருஷம் மார்கழிக்கு வந்திருந்தபோது, நாங்கள் தெருவில் பாடிக்கொண்டு போவதைச் செல்போனில் படம் பிடித்தாள். அது இப்போது எங்கெங்கோ சுற்றுகிறதாம். அவள் குடியிருக்கும் அடுக்குமாடியில் சனிக்கிழமை சாயங்காலம் பத்திருபது பேர் பாய் விரித்து உட்கார்ந்து, கிதார் வாசித்துக்கொண்டு கீர்த்தன் பாடுகிறார்களாம். கம்ப்யூட்டர் வேலைக்காரப் பிள்ளைகள். ஒரு ரஷ்யாக்காரப் பெண்ணும் உண்டாம். அவர்கள் பாடுவது என்னுடைய பாட்டு.

'எழுந்து வா கோவிந்தா, எதிரே வா கோவிந்தா'. நான் விசைத்தறி ஓட்டிய காலத்தில், நாலு தறிகளின் சத்தத்துக்கு நடுவில் அந்தத் தாளத்துக்கே முணுமுணுத்துக் கட்டிய பாட்டு. மூன்று சுற்று பாடினால் முடிந்துவிடும்.

போனில் சரியாகக் கேட்காது என்பதால் கோமதி வீடியோவில் முகம் காட்டித்தான் பேசுவாள். "அப்பா, மூணாவது சுத்துல அப்படியே மேல ஏத்துவீங்கல்ல? அதையும் அச்சு அசலாப் பண்றாங்க. நம்மூர் பேருலயே குமாரபாளையம் ஏத்தம்னு அதுக்குப் பேரு வெச்சுட்டாங்க" என்றாள்.

நான் எப்போது ஏற்றினேன்? கேட்கவில்லை. தானாக வருகிற பெருமையை வாசலில் நிறுத்தி விசாரிப்பார்களா?

சாயங்காலம் நாச்சிமுத்துவிடம் சொன்னேன். "மூணாஞ் சுத்துல நான் ஏத்தறனாமே மாப்ள? நீயும் அதுக்குத் தக்க ஒழுங்கா வாசி." அவன் ஆர்மோனியத்தைத் துண்டால் துடைத்தான். "நீங்க பாடுங்க மாமா, நான் வாரேன்" என்றான். இத்தனை வருஷத்தில் பஜனையைப் பற்றி அவன் சொல்லியிருக்கிற ஒரே வார்த்தை அதுதான்.

மார்கழி 1

விடியுமுன் மாரியம்மன் கோயில் முன்னால் கூடினோம். பனி அதிகம். நான் முன்னால். பக்கத்தில் துண்டைக் கழுத்தில் மாட்டி அதில் ஆர்மோனியத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு நாச்சிமுத்து. பின்னால் தெய்வானை டீச்சரும் மற்றவர்களும். நான் ஒரு வரி பாடுவேன், அவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். முன்பாட்டுக்காரன் தப்பாகப் பாடினாலும் அந்தத் தப்பையே திருப்பிப் பாட வேண்டும். அதுதான் எங்கள் பஜனையின் சட்டம். திருத்துகிற வேலை பெருமாளுடையது. ஒரு வருஷம் நான் 'வெண்ணெய் உண்டவனே' என்பதை வாய் தவறி 'எண்ணெய் உண்டவனே' என்று பாடிவிட்டேன். நாலு தெருவுக்கும் பெருமாள் எண்ணெய் குடித்துக்கொண்டே வந்தார்.

இந்த வருஷம் பின்பாட்டு படுமோசம். வாயைத் திறக்கவே கூலி கேட்பார்கள் போலிருக்கிறது. நான் திரும்பித் திரும்பி அவர்கள் வாயைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வாய் மூடியதும் அடுத்த வரி.

கோயில் வேப்பமரத்துக் குருவிகளும் எங்கேயோ போய்விட்டன. செல்போன் கோபுரம் வந்தால் குருவி இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தான்.

மார்கழி 4

சம்பூரணம் குளிக்கப் போகும்போது மூன்று விசில் வந்ததும் குக்கரை அணைக்கச் சொன்னாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விசில் வரவே இல்லை. பருப்பு அடிப்பிடித்துக் கரியாகிவிட்டது. வாஷர் மாற்ற வேண்டும்.

மார்கழி 7

பவானியிலிருந்து ஒருவர் வந்தார். படம் பார்த்தாராம். வரும் மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை, காவிரிக்கரை மண்டபத்தில் சுற்று வட்டார பஜனைக் குழுக்கள் எல்லாம் ஒன்றுகூடுகின்றன. 'எதிரே வா கோவிந்தா'வை எல்லாரும் சேர்ந்து பாட வேண்டும், நான் முன்பாட்டு. பெங்களூர்ப் பிள்ளைகளும் வருகிறார்களாம்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர் ஏதோ கேட்டார். "வெள்ளனவே வந்தறோமுங்க" என்றேன். ஏனோ சிரித்தார். உள்ளேயிருந்து சம்பூரணம், "பதினாறு பேருங்க!" என்று கத்தினாள். பேச்சுக்கு நடுவில் இவளுக்கு என்ன வேலை?

தறி ஓட்டினவன் பேர் யாருக்குத் தெரியும்? நெய்த துணியில் கடைக்காரன் பேர்தான் இருக்கும். அர்த்தநாரி என்று ஒருவன் இருந்தான் என்பதற்கு இந்த ஒரு பாட்டுத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அது நன்றாக அமைய வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

மார்கழி 9

மின்வெட்டு. பாட்டுப் பயிற்சி இல்லை. கரண்ட் வந்ததும் நான் டிவி போட்டேன், சத்தம் அதிகம் என்று பக்கத்து வீட்டில் சொல்லியனுப்பினார்கள்.

மார்கழி 11

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

மூன்றாம் சுற்று பாடும்போது தெருவிளக்கு நேராக ஆர்மோனியத்தின் மேல் விழுந்தது. தற்செயலாகப் பார்த்தேன். நாச்சிமுத்துவின் விரல், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே, வெள்ளைக் கட்டையிலிருந்து பக்கத்துக் கறுப்புக் கட்டைக்குப் போகிறது! ஒரு கட்டைச் சுருதியில் ஆரம்பித்த பாட்டை, நடுவழியில் அரைக் கட்டை ஏற்றி ஒன்றரைக் கட்டைக்கு இழுத்துக்கொண்டு போகிறான். பின்பாட்டு தடுமாறுவதற்கும், பின்னால் சின்னப் பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வதற்கும் காரணம் இப்போதுதான் விளங்குகிறது.

கோயில் முன்னாலேயே கேட்டுவிட்டேன். "பாதிப் பாட்டுல சுருதிய மாத்தறயே, யாரக் கேட்டு மாத்தற? ஏத்தறதும் எறக்கறதும் என்ற வேல. உன்ற வேல இல்ல. வாசிக்கத் தெரியலீன்னா கழட்டி வெச்சுட்டுப் போ."

எல்லாரும் நின்றுவிட்டார்கள். தெய்வானை டீச்சர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நாச்சிமுத்து அவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். "சரிங்க மாமா" என்றான். அது உதட்டிலிருந்தே தெரிந்தது.

மார்கழி 12

வாசல்படியில் ஆர்மோனியம் இருந்தது, துண்டில் சுற்றி. ஆளைக் காணோம். சம்பூரணம் இன்று கத்தவில்லை. காபியை முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

போனால் போகட்டும். தெய்வானை டீச்சரின் போனில் சுருதி போடுகிற வசதி இருக்கிறது. ஒரு கட்டையில் வைத்துவிட்டால் அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கும். அது யார் சொன்னாலும் மாறாது.

மார்கழி 13

இதை எழுத மனமில்லை. எழுதுகிறேன்.

மூன்றாம் சுற்றில் நான் ஒரு வரி பாடி, திரும்பிப் பார்த்தால், ஒருவர் வாயும் அசையவில்லை. மறுபடி பாடினேன். இரண்டு பேர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். டீச்சர் என் முன்னால் வந்து நின்று, வகுப்பில் பாடம் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அண்ணா, எங்க நிக்கறதுன்னே தெரியலீங்க. சுருதி ஒரு பக்கம் இருக்குது, நீங்க ஒரு பக்கம் போறீங்க."

"சட்டம் என்னங்க டீச்சர்? முன்பாட்டு எங்க போனாலும் பின்னாலயே வரோணுமல்ல?"

"நாங்க வந்துருவோம்ண்ணா. போன் வராதுங்களே."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மார்கழி 15

பஜனைக்குப் போகவில்லை. சளி என்று சொல்லிவிட்டேன். சளி இல்லை.

மார்கழி 17

பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சம்பூரணம் முன்னால் வந்து பேப்பரைப் பிடுங்கினாள்.

"உங்க முதுகுக்குப் பின்னால நின்னு மூணு தடவ சொன்னனுங்க."

"என்ன சொன்ன?"

"என்ற தம்பி பாவம்னு சொன்னேன்."

பிறகு கொட்டித் தீர்த்துவிட்டாள். குக்கர் மூன்று விசிலும் அடித்ததாம், குளியலறையில் அவளுக்கே கேட்டதாம். பவானிக்காரர் எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டாராம். "கத்திக் கத்தி என்ற தொண்டையே போச்சுங்க. ஊரே என்னைய ராங்கிக்காரின்னு பேசுது. உங்க காதுக்கு ஒண்ணுமில்லன்னா, நாளைக்கிருந்து நான் மெதுவாத்தான் பேசுவேன், பாத்துக்கங்க."

காதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அவளுடைய திருப்திக்காக ஈரோடு போய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்றேன்.

மார்கழி 21

ஈரோடு. கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் உட்கார வைத்துக் காதில் ஒன்றை மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் கதவைத் திறந்து, முடிந்துவிட்டது என்றாள்.

டாக்டர் சோதனைத் தாளில் இருந்த கோட்டைப் பார்த்ததுமே, "தறிக்காரருங்களா?" என்று கேட்டார். கீச்சென்ற சத்தங்கள்தான் முதலில் போகுமாம். விசில், குருவி, பெண்கள் குரல், ஜால்ரா. வலி இல்லாமல், சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுமாம். நான் பாட்டைக் கட்டிய இடத்திலேயே காதை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

காது மிஷினை மாட்டிவிட்டார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தது வீட்டுக்கூரையைப் பிரிக்கிற மாதிரி இருந்தது. என் செருப்புக்கு இத்தனை சத்தமா? வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஜால்ராவைத் தட்டினேன். அம்மாடி! கடைக்காரன் மேல் தப்பில்லை. வெண்கலம்தான்.

பிறகு கோமதி அனுப்பிய படத்தைப் போட்டுக் கேட்டேன். போன வருஷத்துப் பாட்டு.

முதல் சுற்று சரி. இரண்டாம் சுற்றும் ஏறக்குறைய சரி. மூன்றாம் சுற்றில் என் குரல் மெல்ல மேலே போகிறது. சுருதியை விட்டு விலகி, எங்கேயோ அந்தரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறது. காது கூசியது. போனைத் தூக்கி எறியலாம் என்று நினைத்தபோது ஆர்மோனியம் நகர்ந்தது. தேடிக்கொண்டு வந்து, நான் நிற்கிற இடத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டது. பின்பாட்டும் அங்கேயே வந்து சேர்ந்தது. கேட்கிறவனுக்கு நான் வேண்டுமென்றே ஏற்றிப் பாடியதாகத்தான் தோன்றும்.

நான் ஏற்றவே இல்லை. நழுவியிருக்கிறேன். நழுவிய இடத்துக்கெல்லாம் அவன் தரையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டிருக்கிறான். அவனைத்தான் தெருவில் நிறுத்தி வைத்துக் கேட்டேன், யாரைக் கேட்டு மாற்றுகிறாய் என்று.

அழுதேன். சம்பூரணம் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போனாள். வளையல் சத்தம் கேட்டது.

மார்கழி 22

நாச்சிமுத்துவின் தறிக்கூடத்துக்குப் போனேன். ஒரு தறியை நிறுத்தி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். என் காதைப் பார்த்தான். மற்றத் தறிகளையும் போய் நிறுத்திவிட்டு வந்தான்.

"எத்தன வருசமா மாப்ள?"

"எதுங்க மாமா?"

"கட்ட மாத்தறது."

"அதெல்லாம் யாருங்க கணக்கு வெச்சா."

"சொல்லியிருக்கலாமல்ல?"

"சட்டம் நீங்க சொன்னதுதானுங்க. முன்பாட்டு எங்க போனாலும் பின்னால போகோணும்."

"அன்னைக்குக் கோயில் முன்னால வெச்சுத் திட்டினனே. அப்பயாச்சும் சொல்லியிருக்கலாமல்ல?"

கையில் இருந்த எண்ணெயைக் கிழிந்த துணியில் துடைத்தான். "அத்தன பேரு இருந்தாங்களே மாமா" என்றான்.

அத்தனை பேர் முன்னால் நான் அவனைத் திட்டினேன். அதே அத்தனை பேர் முன்னால் அவன் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்புப் பண்ணிட்டேன் மாப்ள" என்றேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான், என் சட்டையில் எண்ணெய் படுமாம்.

ஞாயிற்றுக்கிழமை தெய்வானை டீச்சர் முன்பாட்டுப் பாடட்டும், நான் பின்னால் நின்றுகொள்கிறேன் என்றேன். அவன் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை.

"ஆர்மோனியம் எங்கீங்க இருக்குது?"

"வீட்லதான்."

"எலி கடிச்சறப் போவுது. எடுத்துட்டு வாங்க, பாடிப் பாக்கலாம்."

மார்கழி 24

மூன்று நாளாகப் பயிற்சி. மிஷினோடு பாடினால் சுருதி நிற்கிறது. ஒரு கட்டை என்றால் கடைசி வரை ஒரு கட்டை. ஆனால் என் குரல் இவ்வளவு கரகரப்பு என்று இதுவரை எனக்குத் தெரியாது. சம்பூரணத்திடம் கேட்டேன். "இப்பத்தான் தெரியுதுங்களா?" என்றாள்.

மூன்றாம் சுற்றில் ஏற்றக் கூடாது என்று முடிவு செய்தோம். தப்பைத் திருத்திவிட்டுத்தான் அந்த மேடையை விட்டு இறங்குவது என்று நான் சொன்னேன். நாச்சிமுத்து, "பாத்துக்கலாங்க" என்றான்.

வேப்பமரத்தில் குருவிகள் இருக்கின்றன. எங்கும் போகவில்லை.

மார்கழி 26

ஞாயிறு. காவிரிக்கரை மண்டபம். ஆற்றிலிருந்து குளிர்காற்று. எட்டுப் பத்து ஊர்க் குழுக்கள், அவரவர் ஜால்ராவோடு. கோமதி அழைத்து வந்த பெங்களூர்ப் பிள்ளைகள் பாயைச் சுருட்டி முதுகில் மாட்டியிருந்தார்கள். அந்த ரஷ்யாக்காரப் பெண் என் காலில் விழுந்துவிட்டாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

ஒரு கட்டையில் ஆரம்பித்தேன். முதல் சுற்று. பின்பாட்டு எழுந்தபோது ஒரு கணம் எனக்கு அடுத்த வரியே மறந்துவிட்டது. இத்தனை வருஷமாக எனக்குப் பின்னால் இப்படியா பாடிக்கொண்டிருந்தார்கள்? நான் வாயைத்தான் பார்த்திருக்கிறேன், பாட்டைக் கேட்கவே இல்லை. இரண்டாம் சுற்று. சுருதி அசையவில்லை. நாச்சிமுத்து என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான்.

மூன்றாம் சுற்று. 'எதிரே வா கோவிந்தா' என்று நான் அதே ஒரு கட்டையில், கல் மாதிரி நின்று பாடினேன்.

மண்டபம் முழுக்க ஏறிவிட்டது.

அவர்கள் மேல் குற்றமில்லை. படத்தில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் எங்கே நழுவினேனோ சரியாக அங்கே, அதே வரியில், அதே அளவு. கிதார்ப் பிள்ளை கம்பியை மாற்றிப் பிடித்துவிட்டான். ரஷ்யாக்காரப் பெண் கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். ஊர் ஊராக ஏறினார்கள். எங்கள் தெருக்காரர்கள் முதலில் முழித்தார்கள், பிறகு தெய்வானை டீச்சரும் ஏறிவிட்டார். என் வாழ்க்கையில் முதல்தடவையாகச் சரியான சுருதியில் நான் நிற்கிறேன், அது தெரியாமல் ஊரே என் தப்பில் நிற்கிறது. அங்கே தப்பாகப் பாடியது நான் ஒருவன்தான்.

நாச்சிமுத்து என்னைப் பார்த்தான். முன்பெல்லாம் கேட்காமலே நகர்கிற விரல், இன்று வெள்ளைக் கட்டையை அழுத்தியபடி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கையை உயர்த்தி நிறுத்தியிருக்கலாம். மைக் என் வாய்க்கு முன்னால் இருந்தது. இது என் பாட்டு, இது இப்படி இல்லை, நான் நழுவிய இடம் இது என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வந்திருந்தேன்.

அவர்கள் பாடுவதைக் கேட்டேன். நன்றாக இருந்தது. பொய் சொல்லவில்லை, நான் கட்டியதைவிட நன்றாகவே இருந்தது.

அவன் பக்கம் குனிந்து, "நீ போ மாப்ள, நான் வாரேன்" என்றேன்.

அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. விரல் கறுப்புக் கட்டைக்குப் போனது. நான் ஒரு வரி முழுக்க வாயை மூடிக்கொண்டு கேட்டேன். கேட்டுவிட்டு, அவர்கள் பாடியதையே திருப்பிப் பாடினேன்.

தை 1

பொங்கல் பொங்கிக் கிழக்குப் பக்கம் வழிந்தது. நாச்சிமுத்து குடும்பத்தோடு வந்திருந்தான். கரும்பு நல்ல இனிப்பு.

சம்பூரணம் இன்னும் கத்தித்தான் பேசுகிறாள். பழக்கம் விடவில்லை. மிஷினோடு கேட்டால் காதுக்குள் குடம் உருள்கிற மாதிரி இருக்கிறது. மெதுவாப் பேசு, கேக்குது என்று சொல்லலாம்தான். சொல்லவில்லை. எனக்காகக் கத்திப் பழகின குரல், கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.